சுவரில் தொங்கும் தரம்: மருத்துவமனைச் சான்றிதழ்வாதத்துக்கு ஒரு மறுப்பு

ஒரு மருத்துவமனையின் தரத்தை அதற்கு வழங்கப்பட்ட அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டே அறிந்துவிடலாம் என்பது பெங்களூருவின் மருத்துவ உலகில் இன்று ஏறக்குறைய மறுப்பில்லாமல் நிலவும் கருத்து. காப்பீட்டு நிறுவனங்கள் அதை ஏற்கின்றன. அரசுத் திட்டங்கள் அதற்குக் கூடுதல் பணம் தருகின்றன. மருத்துவமனை நிர்வாகங்கள் அதை வரவேற்புக் கூடத்தில் சட்டமிட்டு மாட்டுகின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கங்களிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு ஓசூர் சாலை வழியே நகருக்குள் வரும் குடும்பங்களும், வேறு எதை வைத்து முடிவு செய்வது என்று தெரியாததால், அதையே நம்புகின்றன. இந்தக் கருத்துக்கு ஒரு துணைக் கருத்தும் உண்டு. நோயாளிகளுள் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் அறுவைக்குப் பின் தொற்றுக்கு ஆளானார்கள், எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள் என்ற கணக்கை மருத்துவமனை வாரியாக வெளியிடுவது அறிவியலுக்கு ஒவ்வாதது, கடுமையான நோயாளிகளை ஏற்கும் மருத்துவர்களுக்கு அநீதியானது என்று அது வாதிடுகிறது. முதல் கருத்து பிழையானது. இரண்டாவது பாதி உண்மையை முழு உண்மையாகக் காட்டுவது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் சேர்த்தே மறுக்கப்பட வேண்டியவை.

இதை நிர்வாகிகளின் உள்வீட்டுச் சர்ச்சை என்று ஒதுக்க முடியாது. ஏழை நாடுகளில் மக்கள் சாவதற்குக் காரணம் மருத்துவ வசதி எட்டாததே என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. மார்கரெட் குருக் தலைமையிலான ஆய்வுக் குழு 2018இல் லான்செட் இதழில் வெளியிட்ட மதிப்பீடு இந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது. நல்ல சிகிச்சை இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் 2016ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 24 லட்சம் என்று கணக்கிட்ட அக்குழு, அவற்றுள் சுமார் 16 லட்சம் பேர் மருத்துவரிடமோ மருத்துவமனையிலோ சென்று சேர்ந்த பிறகே இறந்தவர்கள் என்றும், சிகிச்சையே நாடாமல் அல்லது கிடைக்காமல் இறந்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர் என்றும் பிரித்துக் காட்டியது. இவை மதிப்பீடுகளே, தலை எண்ணி எடுத்தவை அல்ல. ஆனாலும் ஒன்றுக்கு இரண்டு என்ற இந்த விகிதத்தில் கணிசமான பிழை இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், வாசலைத் தாண்டி உள்ளே வந்தவருக்கு என்ன நேர்கிறது என்பதுதான் முதன்மையான கேள்வி என்ற முடிவு மாறப்போவதில்லை. அந்தக் கேள்விக்குச் சான்றிதழ் விடை சொல்கிறதா?

பெய்ரூத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவேடிஸ் டொனபீடியன் 1966இல் எழுதிய நெடுங்கட்டுரையில், மருத்துவத் தரத்தை மூன்று இடங்களில் நின்று அளக்கலாம் என்றார். கட்டடம், கருவி, படுக்கை, ஆட்களின் எண்ணிக்கையும் தகுதியும் ஆகியவை முதல் இடம். இதை அவர் அமைப்பு என்றார். நோயாளிக்குச் செய்யப்பட வேண்டியவை செய்யப்பட்டனவா என்பது இரண்டாவது, இது செயல்முறை. நோயாளி குணமடைந்தாரா, முடமானாரா, இறந்தாரா என்பது மூன்றாவது, இது விளைவு. நல்ல அமைப்பு நல்ல செயல்முறைக்கும், நல்ல செயல்முறை நல்ல விளைவுக்கும் வாய்ப்பைக் கூட்டும் என்பதற்கு மேல் அவர் உறுதி எதுவும் தரவில்லை. இந்தியத் தரக் கழகத்தின் கீழ் இயங்குவதும் என்.ஏ.பி.எச். என்ற எழுத்துகளால் எங்கும் அறியப்படுவதுமான தேசிய அங்கீகார வாரியம் 2020இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பின் தரநிலைகள் 10 அத்தியாயங்கள், 100 தரநிலைகள், 651 கூறுகள் என விரிந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முதல் இரண்டு இடங்களைச் சேர்ந்தவை: எழுதப்பட்ட கொள்கை இருக்கிறதா, அது ஊழியருக்குத் தெரியுமா, பதிவேடு பேணப்படுகிறதா, தீயணைப்பு ஏற்பாடு உண்டா என்பன போன்றவை. தொற்று விகிதம் முதலிய விளைவுகளையும் மருத்துவமனை கணக்கெடுக்க வேண்டும் என்று அதே தரநிலைகள் கேட்கின்றன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த எண்கள் ஆய்வாளரின் கண்ணில் பட்ட பிறகு அலமாரிக்குத் திரும்புகின்றன. நோயாளியின் கைக்கு வருவது சான்றிதழின் பெயர் மட்டுமே. எண் இருக்கிறது என்பதற்கும் எண் நன்றாக இருக்கிறது என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது.

இந்த வாரியத்தின் வேலை வீண் என்பது இங்கு வாதமன்று. கைகழுவத் தண்ணீர்த் தொட்டியும், மருந்துகளுக்குப் பூட்டும், அறுவை அறைக்குக் கிருமிநீக்க ஏற்பாடும் இல்லாத மருத்துவமனைகள் பல இருந்த நாட்டில் அவற்றைக் கட்டாயப்படுத்தியது பெரிய காரியம். அரசு மருத்துவமனைகளுக்கென 2013இல் வகுக்கப்பட்ட தேசியத் தர உறுதித் தரநிலைகளும், தூய்மைக்காக 2015இல் தொடங்கப்பட்ட காயகல்ப் விருதும் அதே வகையில் நன்மை செய்தவை. பிழை தொடங்குவது குறைந்தபட்சத் தகுதியை உச்சத் தரமாக விற்கும் இடத்தில். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தொடக்க நிலை அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குச் சிகிச்சைத் தொகையில் 10 விழுக்காடும், முழு அங்கீகாரம் பெற்றதற்கு 15 விழுக்காடும் கூடுதலாகத் தர வழி செய்யப்பட்டது. நோயாளிகள் பிழைத்ததற்காக அன்று, பிழைக்க வைப்பதற்கான ஏற்பாடுகள் ஆய்வு நாளில் இருந்ததற்காகப் பொதுப்பணம் தரப்படுகிறது என்பதை வரி செலுத்துவோர் கவனிக்க வேண்டும்.

அமைப்பையும் தகுதியையும் எண்ணுவதால் தரம் பிடிபடாது என்பதற்கு இந்திய மண்ணிலேயே வலுவான சான்று உண்டு. பொருளியலாளர் ஜிஷ்ணு தாஸும் அவருடைய கூட்டாளிகளும், நோயாளிகளைப் போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை மத்தியப் பிரதேசத்தின் கிராமப்புற மருத்துவர்களிடம் அனுப்பி, அங்கே என்ன நடக்கிறது என்று பதிவு செய்தார்கள். ஒரு நோயாளியுடன் செலவிடப்பட்ட நேரம் சராசரியாக 4 நிமிடத்துக்கும் குறைவு. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பை 2016இல் வெளியிட்டார்கள்: அரசு நிலையத்திலும் சொந்த மருத்துவகத்திலும் பணியாற்றும் ஒரே மருத்துவரிடம் ஒரே நோயுடன் செல்பவருக்கு, சொந்த மருத்துவகத்தில் கூடுதல் நேரமும் கூடுதல் கேள்விகளும் சரியான சிகிச்சைக்குக் கூடுதல் வாய்ப்பும் கிடைக்கின்றன. பட்டம் ஒன்று, அறிவு ஒன்று, ஆள் ஒருவர், வேலை இரண்டு. தகுதிச் சான்றைச் சரிபார்க்கும் எந்த ஆய்வுக்கும் இந்த வேறுபாடு தென்படாது.

செயல்முறையை அளந்தால் போதும் என்பாருக்கு உத்தரப் பிரதேசம் விடை தந்திருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலை அம்மாநிலத்தின் 120 பிரசவ நிலையங்களில் சோதித்த ஆய்வு, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பின்தொடர்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டது. பயிற்சியாளர்கள் வந்து உடனிருந்து ஊக்கிய இடங்களில் செவிலியர் கைகழுவினார்கள், உரிய ஊசிகளைப் போட்டார்கள், பட்டியலின் கூறுகளை மற்ற இடங்களைக் காட்டிலும் வெகுவாகக் கூடுதலாகக் கடைப்பிடித்தார்கள். ஆனால் தாய்மாரின் மரணத்திலும் சிசுக்களின் மரணத்திலும் கடும் பாதிப்புகளிலும் இரு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. செயல்முறைக்கு மட்டும் மதிப்பெண் போட்டிருந்தால் அது வெற்றித் திட்டம் என்று அறிவிக்கப்பட்டிருக்கும், விருதும் வழங்கப்பட்டிருக்கும். விளைவையும் எண்ணியதால்தான் உண்மை வெளிவந்தது. தாங்கள் நம்பிய கருவி உயிர் காக்கவில்லை என்பதைத் தாங்களே எண்ணி வெளியிட்ட ஆய்வாளர்களின் நேர்மை தனியே பாராட்டத்தக்கது. மருத்துவமனைகளிடம் கேட்கப்படுவதும் அதே நேர்மைதான்.

கர்நாடகத்திலேயே சான்றுக்கும் விளைவுக்கும் இடையிலான பிளவு 2024 நவம்பரில் கொடுமையாக வெளிப்பட்டது. பெல்லாரி அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட பெண்களுள் சிலருக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகமும் பிற உறுப்புகளும் செயலிழந்தன. ஐந்து தாய்மார் இறந்தார்கள். நரம்பு வழியே ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீர்க் கரைசல்மீது சந்தேகம் விழுந்தது. அதே நிறுவனம் வழங்கிய கரைசலின் சில தொகுதிகளை மாநில ஆய்வகம் தரமற்றவை என்று முன்னரே கூறியிருந்ததும், மத்திய ஆய்வகம் அவற்றைத் தரமானவை என்று சான்றளித்திருந்ததும் பின்னர் தெரியவந்தன. ஒரே பாட்டிலுக்கு இரண்டு சான்றுகள். வார்டில் நடந்ததோ இரண்டுக்கும் அப்பாற்பட்டது. அதன் பிறகு மாநில அரசு 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நிகழ்ந்த 464 பேறுகால மரணங்களைத் தணிக்கை செய்தபோது, அவற்றுள் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தவிர்த்திருக்கக்கூடியவை என்று கண்டது. அரசே தன்னைப் பற்றி வெளியிட்ட கணக்கு இது. ஐந்து பெண்கள் செத்துச் செய்தியாகும் வரை இந்தக் கணக்கு ஏன் பொதுவில் பேசப்படவில்லை என்பதற்குத்தான் சான்றிதழ்வாதிகள் விடை சொல்ல வேண்டும். 2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு கேரளத்தில் 19, தெலங்கானாவில் 43, ஆந்திரத்தில் 45, தமிழ்நாட்டில் 54, கர்நாடகத்தில் 69. தென்னிந்தியாவில் மிக அதிகமான எண் இது, இத்தனை பெரிய மருத்துவமனைகள் குவிந்திருக்கும் நகரைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்துடையது.

அளப்பது என்பதே காகித வேலை, அதனால் உயிர் பிழைக்காது என்று மருத்துவர்கள் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அவர்கள் கண்ட அளவைகளைப் பார்த்தால் அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் சரியான பொருளை, சரியான இடத்தில், சரியான நேரத்தில் அளந்தால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியதில் இதே மாநிலத்தின் பெலகாவிக்கு முக்கியப் பங்கு உண்டு. பிரசவத்துக்குப் பின் பெருகும் ரத்தப்போக்கு தாய்மாரைக் கொல்லும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. எவ்வளவு ரத்தம் போயிற்று என்பதைப் பிரசவ அறைகளில் பொதுவாகக் கண்மதிப்பில்தான் சொல்வார்கள்: விரிப்பில் நனைந்த அளவு, தட்டில் தேங்கிய அளவு, பஞ்சிலும் துணியிலும் ஊறிய அளவு, தரையில் சிந்தியது எல்லாவற்றையும் கூட்டி, இருநூறு மில்லி, முந்நூறு மில்லி என்று ஒரு எண் கேஸ் ஷீட்டில் எழுதப்படும். பெலகாவி ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்களும் அவர்களுடைய வெளிநாட்டுக் கூட்டாளிகளும் இதற்கு மாற்றாக ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்தினார்கள். குழந்தை பிறந்ததும் அது தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கப்படும். அதன் கீழ்முனை புனல் போல் குவிந்து ஒரு பையாகக் கட்டிலின் விளிம்பிலிருந்து தொங்கும். பையின்மேல் மில்லிலிட்டர் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். ரத்தம் தானாக வடிந்து பையில் சேர, கோட்டைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். 2006இல் அவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில், விரிப்பு காட்டிய அளவைவிடக் கண்மதிப்பு காட்டியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதே ஆண்டில் லான்செட்டில் வெளியான அவர்களுடைய மற்றோர் ஆய்வு, பெலகாவி மாவட்டக் கிராமங்களில் துணைச் செவிலியர் கொடுத்த மிசோப்ரோஸ்டால் மாத்திரை ரத்தப்போக்கு நேர்ந்தவர்களின் விகிதத்தை 12 விழுக்காட்டிலிருந்து 6.4 விழுக்காடாகக் குறைத்தது என்று காட்டியபோது, அந்த முடிவை நம்பத்தக்கதாக்கியதும் இந்த விரிப்பே.

இதன் தொடர்ச்சி 2023இல் வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில், கோடிட்ட விரிப்பால் அளந்து, அளவு எல்லையைத் தாண்டியதும் உரிய சிகிச்சைகள் அனைத்தையும் ஒருசேரத் தொடங்கும் முறை சோதிக்கப்பட்டது. வழக்கமான முறை தொடர்ந்த மருத்துவமனைகளில் மிகை ரத்தப்போக்குள்ள பெண்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கே அது உரிய நேரத்தில் கண்டறியப்பட்டது. விரிப்பு வந்த மருத்துவமனைகளில் 93 விழுக்காட்டினருக்குக் கண்டறியப்பட்டது. கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் மரணம் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணியபோது அது 4.3 விழுக்காட்டுக்கு எதிராக 1.6 விழுக்காடாகச் சரிந்தது. உத்தரப் பிரதேசத்தின் பட்டியல் ஊழியரின் நடத்தையைக் குறித்தது. விரிப்போ நோயாளியின் உடலில் அந்தக் கணத்தில் நடப்பதைக் குறித்தது. இன்னொரு வேறுபாட்டையும் பிரசவ அறையை அறிந்தவர்கள் உணர்வார்கள். “ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போகிற மாதிரி இருக்கிறது, டாக்டர்” என்று நள்ளிரவில் தொலைபேசியில் சொல்லும் செவிலியரின் பேச்சு எளிதில் தள்ளிவிடப்படும். “ஐந்நூறைத் தாண்டிவிட்டது, டாக்டர்” என்ற பேச்சைத் தள்ள முடியாது. அளவைக்குக் கீழ்நிலை ஊழியரின் கையில் அதிகாரத்தைத் தரும் ஆற்றல் உண்டு; அதைப் பிடிக்காதவர்களும் உண்டு.

இனி இரண்டாம் வாதம். விளைவுகளை வெளியிட்டால் மருத்துவர்கள் கடினமான நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அது. இவ்வாதத்தின் வயது நூறுக்கும் மேல். பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், தம்மிடம் சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரும் பின்னர் என்ன ஆனார் என்பதைச் சிறு அட்டையில் குறித்துவைத்து, 1911 முதல் 1916 வரை தம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 337 பேருள் 123 பிழைகளைத் தாமே வகைப்படுத்தி அச்சிட்டார். எல்லா மருத்துவமனைகளும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கோரியதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு சக மருத்துவர்களின் புறக்கணிப்பு. பின்னர் நியூயார்க் மாநிலம் 1989இல் இதயத் தமனி மாற்றுப்பாதை (பைபாஸ்) அறுவைகளின் மரணக் கணக்கைத் தொகுத்து, அடுத்த ஆண்டிலிருந்து மருத்துவமனை வாரியாக வெளியிடத் தொடங்கியது. வயது, நீரிழிவு, சிறுநீரக நிலை, இதயத்தின் வலிமை முதலியவற்றைக் கொண்டு ஒவ்வொரு நோயாளிக்கும் எதிர்பார்க்கத்தக்க ஆபத்தை முதலில் கணக்கிட்டு, அதோடு நேர்ந்த மரணங்களை ஒப்பிடுவது அதன் முறை. இதையே ஆபத்துச் சரிக்கட்டல் என்பர். கடுமையான நோயாளிகளை ஏற்பவருக்கு அவர்களுடைய கடுமை கணக்கில் கழிக்கப்படுகிறது என்பது பொருள். அவ்வாறு சரிக்கட்டிய மரண விகிதம் 1989இல் 4.17ஆக இருந்து 1992இல் 2.45 விழுக்காடாகக் குறைந்தது.

எதிர்த்தரப்பு 2003இல் வெளியான டிரனோவ் குழுவினரின் ஆய்வைச் சுட்டும், சுட்டுவதும் நியாயமே. நோய் முற்றியவர்களை அறுவை மருத்துவர்கள் தவிர்த்தார்கள் என்றும், அத்தகையோரின் நிலை மோசமானது என்றும் அது கண்டது. அதற்கு ஐந்தாண்டுகள் முந்தைய இன்னோர் ஆய்வோ, நியூயார்க்கின் முதியோர் அறுவைக்காக வெளிமாநிலம் போவது வெளியீட்டுக்குப் பின் கூடவில்லை என்று கண்டது. இந்தச் சர்ச்சை முற்றாகத் தீரவில்லை. ஆனால் அதிலிருந்து பெறத்தக்க முடிவு, தனி மருத்துவரின் பெயரோடு எண்ணை வெளியிடுவதில் எச்சரிக்கை வேண்டும், நிறுவன அளவில் வெளியிட வேண்டும், சரிக்கட்டும் முறையை வலுவாக்க வேண்டும் என்பதாகும். எண்ணவே கூடாது என்ற முடிவுக்கு அதில் இடமில்லை. எண்ணாமல் விட்டதன் விலையை அறிய இங்கிலாந்தின் பிரிஸ்டலைப் பார்க்கலாம். அங்கே 1991க்கும் 1995க்கும் இடையே இதய அறுவைக்கு ஆளான ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள், ஒரு சராசரி மருத்துவமனையில் நேர்ந்திருக்கக்கூடியதைவிட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்தார்கள் என்று 2001இல் அரசு விசாரணை முடிவு செய்தது. மேலும், கடுமையான நோயாளிகளைத் திருப்பி அனுப்புவது பெங்களூருவில் புள்ளிவிவரம் வந்த பிறகு தொடங்கப்போகும் பழக்கம் என்று பேசுவது வேடிக்கை. முன்பணம் இல்லாதவரையும், படுக்கை நாள் நீளக்கூடியவரையும் விக்டோரியாவுக்கோ பௌரிங்குக்கோ அனுப்பிவைக்கும் வழக்கம் எந்த எண்ணும் வெளியாகாத இன்றைய நிலையில்தான் இருக்கிறது. சரிக்கட்டிய கணக்கு வந்தால் அந்த இரு அரசு மருத்துவமனைகளுக்கும் நீதி கிடைக்க வாய்ப்புண்டு.

தண்டனைக்கு அஞ்சி மருத்துவர்கள் உண்மையை மறைப்பார்கள் என்ற கவலைக்கும் தீர்வு கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்து 1952 முதல் ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் பெயர்களை நீக்கி, துறை வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்து, எந்தக் கட்டத்தில் எது தவறியது என்று ஆராய்ந்து அறிக்கை வெளியிடுகிறது. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004இல் அதே முறையைத் தானே முன்வந்து தொடங்கியது. தனியார் மருத்துவமனைகளின் மரணங்களும் அதில் அடங்கும். தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை தொண்ணூறுகளிலேயே பேறுகால மரணங்களை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்யத் தொடங்கிவிட்டது. பெயர் மறைக்கப்படும், பாடம் மறைக்கப்படாது என்பதே இந்த ஏற்பாடுகளின் சாரம். மருத்துவர்களின் சங்கமே முன்னின்று நடத்திய கேரளத்தின் எண்ணையும், பெங்களூருவின் சங்கங்கள் இதுவரை எடுத்துவந்த நிலைப்பாட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

சான்றிதழுக்கு மாற்றாக நோயாளிகளின் கருத்தையே அளவுகோலாக்கலாம் என்பார் வேறு சிலர். கைபேசியில் குவியும் நட்சத்திர மதிப்பீடுகள் அவர்களுடைய வாதத்துக்கு இன்று வலு சேர்க்கின்றன. குடிமக்களிடம் கேட்டு அரசு நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் முறையை நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த நகரமே பெங்களூருதான். சாமுவேல் பால் 1994இல் வெளியிட்ட முதல் குடிமக்கள் மதிப்பீட்டு அட்டையில், பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் சேவையில் நிறைவு தெரிவித்தவர்கள் 1 விழுக்காட்டினரே. அவர் நிறுவிய பொது விவகார மையம் 1999இலும் 2003இலும் அதே கேள்விகளை மீண்டும் கேட்டு மாற்றத்தைப் பதிவு செய்தது. மாநகராட்சியின் பிரசவ மனைகளைப் பற்றி 2000ஆம் ஆண்டில் அம்மையம் வெளியிட்ட அட்டை, ஏழைப் பெண்கள் தாம் பெற்ற குழந்தையைக் கண்ணால் பார்ப்பதற்கே ஊழியருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்ததை அம்பலப்படுத்தியது. எந்தச் சான்றிதழ் ஆய்வாளரும் கண்டுபிடித்திராத உண்மை அது. காத்திருப்பு, மரியாதை, லஞ்சம் ஆகியவற்றுக்கு நோயாளியைவிடச் சிறந்த சாட்சி இல்லை. ஆயினும் தனக்குக் கொடுக்கப்பட்ட கிருமிக்கொல்லி தேவைதானா, ரத்தம் ஏற்றுவதில் ஏற்பட்ட தாமதம் தவிர்த்திருக்கக்கூடியதா என்பதை மயக்கத்தில் கிடந்தவர் சொல்ல முடியாது. இறந்தவர் நட்சத்திரம் எதுவும் போடுவதில்லை. நோயாளியின் கருத்து விளைவுக் கணக்குக்குத் துணை நிற்கலாம், அதன் இடத்தில் உட்கார முடியாது.

இத்தகைய கணக்கை நம் நிலைமையில் எடுக்க முடியுமா என்ற ஐயம் மிஞ்சலாம். கர்நாடகத்தில் எடுத்தாயிற்று. வாஜ்பாயி ஆரோக்கியஸ்ரீ என்ற திட்டம் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு இதயநோய், புற்றுநோய் முதலியவற்றுக்கான உயர்நிலைச் சிகிச்சையை 2010இல் மாநிலத்தின் வடபகுதியில் முதலில் இலவசமாக்கியது. தென்பகுதிக்கு அது பின்னரே வந்தது. நீரஜ் சூத் தலைமையிலான ஆய்வாளர்கள் இந்தத் தற்செயலான எல்லையைப் பயன்படுத்தி, அதன் இருபுறமும் உள்ள 572 கிராமங்களில் 31,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை வீடு வீடாகக் கேட்டு, 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். திட்டத்தின் சிகிச்சைகளால் தடுக்கக்கூடிய நோய்களால் ஏற்பட்ட மரணம், திட்டம் இருந்த பக்கத்தின் ஏழைக் குடும்பங்களில் 0.32 விழுக்காடு; இல்லாத பக்கத்தில் 0.90 விழுக்காடு. மருத்துவமனைகளின் சுவரையோ பதிவேட்டையோ பார்க்காமல், யார் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் கேட்டுக் கிடைத்த விடை இது. சிகிச்சை பயன் தருகிறது என்பதற்கு மருத்துவத் துறைக்கு இதைவிட நல்ல நற்சான்று கிடைக்காது என்பதையும், அது விளைவை எண்ணியதால் கிடைத்தது என்பதையும் எண்ணுவதற்கு அஞ்சும் மருத்துவர்கள் கவனிப்பது நல்லது.

தடையாக நிற்பது அறிவியல் அன்று, அரசியல். கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த அன்றைய சுகாதார அமைச்சர் ரமேஷ்குமார் 2017இல் முனைந்தபோது, அந்த நவம்பரில் மாநிலம் முழுவதும் தனியார் மருத்துவர்கள் வேலையை நிறுத்தினார்கள். புறநோயாளிப் பிரிவுகள் மூடப்பட்டன. கடைசியில் திருத்தம் நீர்த்த வடிவில் நிறைவேறியது. அந்த மோதல் முழுவதும் கட்டண வரம்பையும், சிறைத் தண்டனையையும், புகார்க் குழுவின் அதிகாரத்தையும் சுற்றியே நடந்தது. அரசும் மருத்துவர்களும் மூர்க்கமாக எதிர்த்து நின்ற அந்த வாரங்களில்கூட, சிகிச்சைக்குப் பின் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதை நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கை மைய இடம் பெறவில்லை. விலையைப் பற்றிய சண்டையில் சரக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விளைவுக் கணக்குக்கு வேண்டிய விவரங்கள் ஏற்கெனவே அரசிடம் சேர்கின்றன. ஆயுஷ்மான் பாரத்–ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு மருத்துவமனையும், ஒவ்வொரு அறுவைக்கும், நோயாளியின் வயது, நோய், செய்த சிகிச்சை, வீடு திரும்பிய நாள் ஆகியவற்றைப் பணம் கோரும் விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டியிருக்கிறது. அவற்றைப் பெறுவது பெங்களூருவில் இயங்கும் சுவர்ண ஆரோக்கிய சுரக்ஷா அறக்கட்டளை. இறப்புப் பதிவேடும் அரசின் கையில் உள்ளது. இரண்டையும் இணைத்து, இதய அறுவை, இடுப்பெலும்பு முறிவு அறுவை, சிசேரியன் ஆகிய மூன்றுக்கு மட்டுமாவது, அறுவை நடந்த 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணங்களை ஆபத்துச் சரிக்கட்டி, மருத்துவமனையின் பெயரோடு ஆண்டுதோறும் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட அரசு ஆணையிட வேண்டும். சான்றிதழுக்காகத் தரப்படும் கூடுதல் 10, 15 விழுக்காட்டை அந்தக் கணக்கைத் தரும் மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதாக்க வேண்டும். ஒவ்வொரு பேறுகால மரணமும், அரசு மருத்துவமனையில் நேர்ந்தாலும் தனியாரிடம் நேர்ந்தாலும், பெயர் நீக்கிய விசாரணைக்கு உட்பட வேண்டும். அதுவரை நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பத்தார், இதே அறுவையைச் சென்ற ஆண்டு இங்கே எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அவர்களுள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடுமுன் கேட்கட்டும். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.